லெஃப்ட் கார்னர் பனியன்

கண்ணு,

நீயும் மருமவளும் சிதம்பரத்துல சௌக்கியமாத்தான் இருப்பீங்க. முந்தாநாள் சாயங்காலம்தான் போன்ல பேசினோம், அதனால நலம் விசாரிச்சு காகிதத்த வீணாக்கல. உன் பொண்ணு லீவுக்கு வந்தப்ப விட்டுட்டுப் போன நோட்டுலேருந்து தாள் கிழிச்சு எழுதறேன். அஞ்சாம் கிளாஸோட நின்ன கை, எழுத்து கோணலாத்தான் போவும், பொறுத்துக்க. போன்ல சொன்னா நீ "சரிம்மா, சரிம்மா"ன்னு வெச்சிடுவ. காகிதம்னா முழுசாப் படிச்சுத்தான் ஆவணும். கவர ஒட்டாமத்தான் கொடுத்தனுப்பறேன். நீ படிச்சிட்டு உன் கபடி கமிட்டி ஆளுங்களுக்கும் படிச்சுக் காட்டு. இதுல மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. இத்தன வருஷமா மறைச்சு வெச்சிருந்ததத்தான் இப்ப எழுதறேன்.

நீ என்ன கேட்டன்னு வார்த்தை மாறாம எனக்கு ஞாபகம் இருக்கு. இந்த மீன்பிடித் தடைக்காலத்துல சிதம்பரம் பக்கம் நடக்கிற டோர்னமென்ட்டுக்கு நம்ம ஊர் டீமுக்காக வெளியூர்லேருந்து ஒரு பெரிய ரெய்டர, பாடிப் போற ஆள, கூட்டியாறீங்க. அவன் கேக்கிற தொகை ஊர் வசூல்ல தேறாது. ஐஸ் பிளான்ட்காரர் மொத்தத்தையும் நானே தரேன்னு சொல்லிட்டாரு. ஆனா அவரு அக்கா மவன் லெஃப்ட் கார்னர்ல நின்னு புடிக்கணும்னு சொல்றாரு. அப்ப அங்க நிக்கிற உன் மச்சான் சக்தி, உங்க மாமா மவன், வெளிய உக்காரணும். "நீ போயி மாமாகிட்ட பக்குவமா சொல்லும்மா, நீ சொன்னா கேப்பாரு, ரெண்டு நாள் விஷயம்"ன்ன. சொல்லிட்டு ஜெர்சிப் பையையும் தோய்க்கச் சொல்லி பஸ்ஸுல போட்டு விட்டுட்ட. பை வந்துது, தோய்ச்சேன். உன் மாமாகிட்ட நீ சொல்லச் சொன்னத மட்டும் சொல்லல. ஏன் சொல்லலன்னுதான் இந்தக் கடுதாசி.

சின்ன வயசுலேருந்து நீ ஒரு கேள்வி கேப்ப, நான் பதில் சொன்னதே இல்ல. உங்க மாமா, என் கூடப்பொறந்த தம்பி ஏழுமலை, நம்ம வீட்டுப் பக்கம் வந்தா உள்ள வரமாட்டான். கொடியில என்ன துணி கெடந்தாலும் அதப் பாத்துட்டு, "காஞ்சிடுச்சாக்கா?"ன்னு கேப்பான். நான் சிரிச்சு மழுப்பிடுவேன். அவனும் சிரிச்சுக்கிட்டே போயிடுவான். நீ உன் காதுகுத்துல அவன் மடியில உக்காந்துக்கிட்டு, "ஏம்மா மாமா எப்பவும் அதயே கேக்குது?"ன்னு கேட்ட. அன்னைக்கும் அவன் சீர்வரிசைய ஒரு குறையில்லாம கொண்டாந்து வெச்சிட்டு, பந்தியில உக்காராமப் போயிட்டான். உன் கல்யாணத்துலயும் மாலை எடுத்துக் கொடுத்தான், சோறு திங்கல. நம்ம வீட்டுல அவன் கை நனைச்சு இருவது வருஷத்துக்கு மேல ஆவுது. அதுக்குக் காரணம் ஒரு பனியன்.

தடைக்காலம்னு ஒண்ணு வந்த புதுசு. கடலுக்குப் போவாம ஆம்பளைங்க எல்லாம் கரையிலயே கெடந்தாங்க. சும்மா கெடந்தா சண்டை வரும்னு உங்க அப்பா கபடி டீமக் கட்டினாரு, அவருதான் கேப்டன். உனக்கு அப்ப நாலு வயசு. ஊர்ல எட்டு மஞ்சப் பனியன் தைச்சாங்க, ஏழு ஆளுக்கும் ஒரு மாத்து ஆளுக்கும். கேப்டன் பொண்டாட்டிதான் தோய்ச்சுப் போடணும், அது எழுதாத சட்டம். மூணாம் நம்பரு, லெஃப்ட் கார்னரு, ஏழுமலையோடது. கபடி கபடின்னு பாடி வர்றவன் கோட்டத் தாண்டி ரெண்டு எட்டு வெச்சா போதும், என் தம்பி கீழ குனிஞ்சு கணுக்காலப் புடிச்சிடுவான். வலை இழுத்த கை, விடாது. அவனுக்கு ஊர்ல உடும்புன்னே பேரு.

ரெண்டு வருஷம் பைனல் வரைக்கும் போயித் தோத்தோம். எங்கள்ல பாடுறதுக்கு ஆள் இல்லன்னு எல்லாரும் சொன்னாங்க. அப்பதான் நெல்லிக்குப்பம் பக்கத்து ஆள் ஒருத்தனக் கூட்டியாரலாம்னு பேச்சு வந்துது. கரும்பு வண்டி ஓட்டுறவன், நல்ல ஒசரம். அவன் பாடிப் போனா ரெண்டு மூணு பேரத் தொட்டுட்டுத்தான் திரும்புவான்னு சொல்லுவாங்க. அவன் கேட்ட தொகையக் கேட்டு உங்க அப்பாவே தலையச் சொறிஞ்சாரு. கொடுக்கலாமா வேணாமான்னு நம்ம வீட்டு வாசல்லதான் மூணு நாளு பஞ்சாயத்து. அதுல வாயக் கொடுத்தவ நான். "வஞ்சிரம் வேணும்னா வஞ்சிர வெலதான், மத்தி வெல கொடுத்தா மத்திதான் கெடைக்கும்"ன்னு டீ கொடுத்துக்கிட்டே சொன்னேன். எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்கு அன்னைக்குப் பெருமையா இருந்துது.

அந்த வஞ்சிரக் கதையோட மறுபாதி எனக்கே தெரியும், அன்னைக்கு வாயில வரல. அதுக்கு முந்தின மார்கழியில துறைமுகத்துல ஏலம். ஒரு பெரிய வஞ்சிரம் வந்துது, நம்ம எதிர்வீட்டு அஞ்சலை மேல மேல கேட்டா. எனக்கும் அவளுக்கும் கொழாயடியில ஆரம்பிச்ச பகை, அது இன்னைக்கும் தீரல, தீரவும் வேணாம். அவளுக்கு விடக்கூடாதுன்னு கையில இருந்த மொத்தத்தையும் அந்த ஒரு மீனுக்கே கொடுத்தேன். நெத்திலி இல்ல, சங்கரா இல்ல, வெறும் வஞ்சிரத்தக் கூடையில வெச்சுக்கிட்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். கீழவீதி பக்கம் எறங்கினப்பறம்தான் பாக்கறேன், மறுநாள் தேர். ஊரே விரதத்துல இருக்கு, மீனத் திரும்பிப் பாக்க ஆள் இல்ல. தெருக்கோடியில இருக்கிற பாய் வீட்டம்மா மட்டும் கூப்பிட்டு, "நெத்திலி இருந்தா கொடு, இத வாங்கி நான் என்ன பண்றது?"ன்னாங்க. வெறுங்கையா திரும்பி வந்தேன். எதுத்து வந்த அஞ்சலை, "என்னடி, வஞ்சிரம் ஊர் சுத்திப் பாத்துட்டு வருதா?"ன்னா. மீன் நல்ல மீன்தான், கண்ணு. அத வாங்கினப்ப என் கூடையில வேற என்ன இருக்குன்னு நான் பாக்கல.

நெல்லிக்குப்பத்தானுக்கு வருவோம். அவனுக்குக் கொடுக்கற தொகைய ஊர் வசூல்ல தேத்த முடியல. போட்டுக்காரரு ஒருத்தரு, மூணு மீன்புடி போட்டு வெச்சிருந்தாரு, நான் தரேன்னாரு. அவரு பொண்டாட்டி வெத்தலை பாக்கோட நம்ம வீட்டுக்கு வந்து, "எங்க பெரியவனும் நல்லாப் புடிப்பான், அவனுக்கும் ஒரு எடம் கொடுக்கச் சொல்லுங்க"ன்னு என்கிட்ட சொன்னா. அந்தம்மா கட்டியிருந்த பொடவை கலர் கூட எனக்கு ஞாபகம் இருக்கு. உங்க அப்பா யோசிச்சாரு. யார எடுக்கறதுன்னு கேட்டாரு. வேற யார எடுத்தாலும் ஊர்ல சண்டை வரும், ஏழுமலைன்னா நம்ம வீட்டு ஆளு, பொறுத்துப்பான்னு நான்தான் சொன்னேன். நல்லாக் கேட்டுக்க, கமிட்டி சொல்லல, உங்க அப்பா சொல்லல. நான் சொன்னேன். சொந்தத்துல கை வெச்சா சத்தம் வராதுன்னு நினைச்சேன்.

டோர்னமென்ட்டுக்கு மொதநாளு பனியன் எல்லாத்தையும் தோய்ச்சுக் காய வெச்சேன். அக்னி நட்சத்திரம், போட்ட துணி பொரிகடலை மாதிரி காஞ்சுது. மத்தியானமே போட்டுக்காரர் மவன் வந்தான், மூணாம் நம்பரக் கொடியிலேருந்து எடுத்து அவன் கையில கொடுத்தேன். அங்கயே போட்டுப் பாத்துட்டுப் போனான். கொஞ்ச நேரங்கழிச்சு ஏழுமலை வந்தான். அவன்கிட்ட யாரும் இன்னும் சொல்லல. உங்க அப்பா சொல்லுவாருன்னு நான் இருந்தேன், நான் சொல்லுவேன்னு அவரு இருந்தாரு. வாசல்ல நின்னு, "அக்கா, என் பனியன் காஞ்சிடுச்சா?"ன்னு கேட்டான். கொடியில ஏழு பனியன் கெடக்குது, மூணாம் நம்பர் இருந்த எடம் காலி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் காயலடா, ஈரமா இருக்குன்னு உள்ள போட்டிருக்கேன், காஞ்சதும் கொடுத்தனுப்பறேன்." அவன் அண்ணாந்து வானத்தப் பாத்தான். கையக் கண்ணுக்கு மேல வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் பாத்தான். "சரிக்கா"ன்னு போயிட்டான்.

மறுநாள் சிதம்பரத்துல பைனல் வரைக்கும் வந்தோம், அந்த நெல்லிக்குப்பத்தான் புண்ணியத்துல. பொய் சொல்லக்கூடாது, அவன் கேட்டதுக்குக் கொறையாம ஆடினான். அவன் பாடிப் போனா எதிராளிங்க செவுத்தோட பல்லியா ஒட்டிக்குவாங்க. நானும் கூடைய ஓரமா வெச்சிட்டு தொண்டை கிழியக் கத்தினேன். பைனல்ல ஆட்டம் முடிய அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப அவனப் புடிச்சிட்டாங்க. புடிபட்டவன் வெளிய போயி உக்காரணும், உனக்குச் சொல்லத் தேவையில்ல, உன் கமிட்டியில கணக்குப் பாக்கிற பெரிய மனுஷங்களுக்குச் சொல்றேன். வெளிய உக்காந்தவன் தானா உள்ள வர முடியாது. உள்ள இருக்கிறவன் எதிராளி ஒருத்தன அவுட்டாக்கினாத்தான் அவன் எழுந்து வரலாம். எங்க ஆளுங்கள்ல பாடிப் போயி தொட்டுட்டு வர ஆள் இல்ல. ரெண்டு மாசமா எல்லாரும் அவன் வருவான் வருவான்னு பழகறதையே விட்டுட்டாங்க. அப்ப புடிச்சுத்தான் ஆவணும். எதிராளிங்களுக்கு இது தெரிஞ்சுபோச்சு. ஒவ்வொருத்தனும் நேரா லெஃப்ட் கார்னருக்கே பாடி வந்தான். போட்டுக்காரர் மவன் காலப் புடிக்கிறதுக்குப் பதிலா காலுக்கு வழி விட்டான். மொத்தத் தொகையும் வாங்கின ஆளு, கோட்டுக்கு வெளிய துண்டப் போத்திக்கிட்டு, குந்தி உக்காந்து, ஒருத்தனயாவது புடிங்கடான்னு கையால தரையத் தட்டிக்கிட்டே இருந்தான். கடைசி விசில் வரைக்கும் அவன் உள்ள வரவே இல்ல, தோத்தோம்.

ஆட்டம் முடிஞ்சு பனியனக் கழட்டி மடிச்சு அந்த நெல்லிக்குப்பத்தானே என்கிட்ட கொண்டாந்து கொடுத்தான். நம்ம வீட்டுல ரெண்டு வேளை சாப்பிட்டவன். மீன் வாசனையே ஆவாதுன்னு குப்பத்துல வந்து முட்டைக் கொழம்பு கேட்ட ஆளுன்னு நாங்க எல்லாம் அவன வெச்சு சிரிச்சுக்கிட்டிருந்தோம். அவன் கேட்டான், "அக்கா, உங்க லெஃப்ட் கார்னர்காரர் எங்க? போன வருஷம் என் கணுக்காலப் புடிச்சாரே, ரெண்டு நாளு வீங்கிக் கெடந்துது. அவரு பின்னாடி இருந்தா பயமில்லாம பாடலாம்னுதான் இந்த ஊருக்கு ஒத்துக்கிட்டேன்." உங்க அப்பா பக்கத்துலதான் நின்னாரு. நான் பனியனத் தோய்க்கிற பையில திணிச்சேன். பஸ்ஸுல கடலூர் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் வெவ்வேற சீட்டுல உக்காந்து வந்தோம்.

இதுல நான் கத்துக்கிட்டது ஸ்டாருக்கு ஜாஸ்தி கொடுக்கக்கூடாதுங்கிறது இல்ல. மறு வருஷம் வீம்புக்கு வெளியாள் இல்லாமப் போயி மொத ஆட்டத்துலயே தோத்தோம், அதயும் எழுதிடறேன். போட்டுல பங்கு வைக்கிறப்ப டிரைவருக்கு ஒண்ணரைப் பங்கு உண்டு, யாரும் மொணங்க மாட்டாங்க. மீன் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சவன் அவன். அவன் கொண்டுபோயி நிறுத்தினாத்தான் எல்லாருக்கும் பங்கு. ஆனா டிரைவருக்குக் கூடக் கொடுக்கணும்னு வலை இழுக்கிறவனக் கரையிலயே எறக்கிவிட்டுட்டு எந்தப் போட்டும் போவாது. மீன் எங்கன்னு தெரிஞ்சு என்ன பண்றது, இழுக்க ஆள் இல்லாம? நீ அந்த ரெய்டருக்கு எவ்வளவு வேணாலும் கொடு. அந்தத் தொகை எங்கேருந்து வருது, யார எழுப்பிட்டு வருதுன்னு மட்டும் பாரு. ஐஸ் பிளான்ட்காரர் உனக்குச் சும்மா கொடுக்கல, உன்கிட்டேருந்து ஒரு எடத்த வெலைக்கு வாங்கறாரு. அந்த எடம் விக்கிறதுக்கு உன்னோடதில்ல.

உன் மச்சானப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா? அப்பன் மாதிரியே கீழ குனிஞ்சு புடிக்கிறான். மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்க இந்தத் தடவ பாக்க வராங்கன்னு நீதான் அவன்கிட்ட சொன்ன. அதுலேருந்து காத்தால எழுந்து மணல்ல ஓடறான். போன வாரம் என்கிட்ட வந்து, "அத்தை, மச்சான் மேனேஜரா இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலை இல்ல"ன்னான். நான் மொறத்துல அரிசி பாத்துக்கிட்டிருந்தேன், தலைய நிமித்தல.

இன்னொரு சங்கதி. உங்க அப்பா காரியத்துக்கு வந்தப்ப உங்க மாமி, ஏழுமலை பொண்டாட்டி, அடுப்படியில வெச்சு என்கிட்ட சொன்னா. அன்னைக்கு அவன் என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே, டீக்கடையில போட்டுக்காரர் மவன் மூணாம் நம்பர் பனியனப் போட்டுக்கிட்டு நின்னதப் பாத்துட்டானாம். தெரிஞ்சுதான் வந்து கேட்டிருக்கான். என் அக்கா என்ன சொல்றான்னு பாக்கணும்னு வந்திருக்கான். எடம் போனதுக்கு அவனுக்கு அவ்வளவு கோவம் இல்லையாம். "ஒரு வார்த்தை, உன்ன எடுத்துட்டோம்டான்னு சொல்லியிருந்தா பைனலுக்கு நானே வந்து தண்ணி தூக்கியிருப்பேன்"னு சொல்லுவானாம். நான் மனுஷங்கமேல பகை வெச்சா விடமாட்டேன்னு உனக்குத் தெரியும். போட்டுக்காரர் பொண்டாட்டிய இன்னைக்கும் கோயில்ல பாத்தா மூஞ்சத் திருப்பிக்கிறேன், அஞ்சலைய விடு. ஆனா எல்லாப் பகையையும் கூட்டிப் பாத்தா, ஏழுமலை என்மேல வெச்சிருக்கிற பகைக்கு மட்டும்தான் நியாயம் இருக்கு. இத்தன வருஷம் அந்தம்மாவத் திட்டிக்கிட்டே இருந்ததுல என் வாய் சொன்னத நானே மறந்துட்டேன்.

நேத்து உன் ஜெர்சிங்களத் தோய்ச்சுக் கொடியில போட்டேன். பன்னெண்டு ஜெர்சி, நீலக் கலரு, அதுலயும் லெஃப்ட் கார்னருக்கு மூணாம் நம்பர்தான் வெச்சிருக்க. மத்தியானம் ஏழுமலை அந்தப் பக்கம் போனான், தலையெல்லாம் நரைச்சுப் போச்சு அவனுக்கு. வழக்கம்போல நின்னான். கொடியப் பாத்தான், மூணாம் நம்பரையும் பாத்திருப்பான். "காஞ்சிடுச்சாக்கா?"ன்னான்.

எனக்குச் சிரிப்பு வரல. "அன்னைக்கே காஞ்சிடுச்சுடா"ன்னேன். "காஞ்சதக் கொடியிலேருந்து எடுத்து போட்டுக்காரர் மவன் கையில கொடுத்தவ நான்தான். உன்ன எடுக்கச் சொன்னதும் நான்தான், என் வீட்டுக்காரரு இல்ல."

அவன் கையக் கண்ணுக்கு மேல வெச்சு வானத்தப் பாத்தான், அன்னைக்குப் பாத்த மாதிரியே. அப்பறம், "கத்திரி வெயிலாச்சேக்கா"ன்னான். அவ்வளவுதான். "தண்ணி இருக்கா?"ன்னு கேட்டான். நான் செம்புல கொண்டாரப் போனேன். திரும்பிப் பாத்தா, அவனே உள்ள வந்து நெலைப்படி பக்கத்துல உக்காந்திருந்தான். பழைய சோறு இருந்துது, கருவாடு சுட்டிருந்தேன். தட்டுல போட்டு வெச்சேன். தின்னான். ஐஸ் பிளான்ட் சங்கதிய நான் எடுக்கல. அது நான் சொல்ல வேண்டியது இல்ல, கண்ணு.

யார நிறுத்தணும்னு நான் உனக்குச் சொல்லப்போறதில்ல. நீதான் மேனேஜர். தோத்தா ஊரு உன்னத்தான் கேக்கும். அந்த ரெய்டரும் வரட்டும், வந்தா நானே சமைச்சுப் போடறேன், முட்டைன்னாலும் சரி. ஆனா ஞாயித்துக்கிழமை நீ வா. பதினொரு ஜெர்சிய மடிச்சுப் பையில வெச்சிட்டேன். மூணாம் நம்பர மட்டும் கொடியிலயே விட்டிருக்கேன், யாரு வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன். நீயே எடுத்துக்கிட்டுப் போயி உங்க மாமா வீட்டு வாசல்ல நின்னு, சக்தி மூஞ்சப் பாத்து, கொடுக்கறதுன்னா கொடு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. சொல்லிட்டு வந்து சாப்பிடு. ஈரம்னு சொல்ல இந்தத் தடவ வழி கெடையாது. நான் தொட்டுப் பாத்துட்டேன், நல்லாக் காஞ்சிடுச்சு.

அம்மா